உப்புக்காற்று ஊரில் உயரத்தில் வேலை: புதிதாக ஏறுபவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் ஏறி நின்று செய்யும் வேலைக்குப் பஞ்சமில்லை. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை மாடி வீட்டுக்குப் பெயின்ட், ஐஸ் கம்பெனிக்கும் கருவாட்டுக் கொட்டகைக்கும் ஷீட், மொட்டை மாடியில் சோலார், கோபுரத்துக்கும் மினாராவுக்கும் வண்ணம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய விசைப்படகுகளில் மராமத்து வேலை குவியும். இந்த வேலைகளுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எப்படி ஏறுவது என்று யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்கள். எதைப் பிடித்து ஏறக்கூடாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இங்கே அதுதான் முக்கியம். மதுரையில் பல வருடம் தாங்கும் இரும்பு கிளாம்ப் இங்கே வெகு சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது இந்தக் காற்றில் உள்ள உப்பை நம்பித்தான். உப்பு பெரும்பாலும் உள்ளிருந்து தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கால் வைத்தால் கழன்று வரும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: உங்களைத் தாங்கப்போவது எது, அது இன்றைக்குத் தாங்குமா?

அதற்கு முன் இன்னொன்று: ஏறாமலே முடியுமா என்று பாருங்கள். சுவர் பெயின்டில் பாதியை நீளக் கம்பு மாட்டிய ரோலரால் தரையில் நின்றே அடிக்கலாம். சோலார் சட்டத்தைத் தரையிலேயே போல்ட் போட்டுக் கோத்துவிட்டால் மேலே பத்து நிமிட வேலைதான் மிஞ்சும். தெருவிளக்குக் கம்பம் சாய்த்து இறக்கக்கூடிய வகையா என்று முதலில் கேளுங்கள்.

எவ்வளவு உயரம் வந்தால் ஜாக்கிரதை தேவை என்பதற்குப் பொதுவான கணக்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. அந்த உயரத்திலிருந்து விழுபவர் சுமார் 0.6 வினாடியில், மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுவார். 3 மீட்டர் என்றால் 27 கி.மீ. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க அந்த நேரம் போதாது. தலை முதலில் போனால் 2 மீட்டருக்குக் கீழேயும் உயிர் போகும். முக்காலிதானே என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைக்காதீர்கள்.

தாங்குவதைத் தட்டிப் பாருங்கள்

வேலை தொடங்கும் முன் கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

முதலில் சன்ஷேடு. கடலோர வீடுகளில் பலவற்றில் கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கியிருக்கும். கலவைக்கு உவர்நீர் ஊற்றியதாலும் இருக்கலாம், கடல் மணல் கலந்ததாலும் இருக்கலாம், வெறும் காற்றிலேயும் இறங்கியிருக்கலாம். உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்கும்போது இரும்பாக இருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி போன வழியிலேயே நீளமாக விரிசல், பழுப்புக் கறை, அடிப்பகுதியில் பெயர்ந்த காரை ஆகியவைதான் வெளியே தெரியும் அடையாளம். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகப் பேசும். பிளந்தது 'தொப் தொப்' என்று வெறுமையாகச் சொல்லும். அப்படிச் சொன்ன சன்ஷேடில் நிற்கவும் கூடாது, அதன் மேல் ஏணியைச் சாய்க்கவும் கூடாது, அதன் கீழ் நின்று கலவை குழைக்கவும் கூடாது. சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பதால் அதன் பலமெல்லாம் மேல்பக்கக் கம்பியில் இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்குவதும் மேல்பக்கம்தான். கீழிருந்து பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து மொட்டை மாடியின் கைப்பிடிச்சுவர். பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், கம்பி கிடையாது. ராமேஸ்வரம் தீவில் பழைய வீடுகளில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதும் உண்டு (முருகைக்கல் என்பது பவளப்பாறைக் கல்). குனிந்து கீழே எட்டிப் பார்க்கும்போது ஒரு ஆள் சாயும் பாரத்தைத் தாங்கலாம். விழும் ஆளின் இழுப்பைத் தாங்காது. அதில் கயிறு கட்டினால் நீங்களும் விழுவீர்கள், பின்னாலேயே சுவரும் வரும்.

ஷீட் கூரை இதைவிட மோசம், ஏனென்றால் பார்க்க உறுதியாகத் தெரியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒரு ஆள் பாரத்துக்கு எச்சரிக்கையே இல்லாமல் உடையும். போல்ட் வரிசை மேல் நடந்தால் பர்லின் (ஷீட்டுக்கு அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம்) தாங்கும் என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கால் நான்கு அங்குலம் நகர்ந்தால் போயிற்று, அந்த ஜே-போல்ட்டும் இங்கே துருவில் பாதி மெலிந்திருக்கும். குறைந்தது 2 அடி அகலமுள்ள பலகையை மூன்று பர்லின் மேல் படும்படி போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். பலகை இரண்டு வேண்டும்: ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை முன்னே நகர்த்துவதற்கு. பலகை வழுக்காமல் முகட்டில் கட்டிவிடுங்கள். வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மேலேயே யாராவது பெயின்ட் அடித்திருந்தால் மேலிருந்து வித்தியாசம் தெரியாது. அதனால் ஏறும் முன் கூரையின் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். எது பிளாஸ்டிக், எந்தத் தகரத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம் வருகிறது, எந்த பர்லின் சுவரோடு சேரும் இடத்தில் மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் கீழிருந்துதான் தெரியும். சாக்பீஸால் தரையில் அதற்கு நேராகக் குறி வைத்து, மேலே ஏறுபவரிடம் கணக்குச் சொல்லுங்கள்: "கிழக்கிலிருந்து மூணாவது, ஏழாவது ஷீட் பக்கம் போகாதே."

ஊராட்சி மேல்நிலைத் தொட்டிகளின் இரும்பு ஏணி தனி ஆபத்து. படிக்கட்டுக் கம்பி தூணில் நுழையும் இடத்தில்தான் தண்ணீர் நின்று துருவேறும். கையால் பிடிக்கும் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு படியையும் ஓரத்தில் சுத்தியலால் தட்டி, காலால் அழுத்திப் பார்த்த பிறகே முழுப் பாரம் வையுங்கள். ஒரு படி போயிருந்தால் அந்த ஏணி போனது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியும் அதே ஆண்டு அதே உப்பில் நின்றதுதான்.

காற்று

பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரயிலுக்கே அந்த அளவு என்றால் ஷீட்டைத் தூக்கி நிற்கும் ஆளுக்கு எவ்வளவு? 3 மீட்டர் நீளம் 1 மீட்டர் அகலத் தகரத்தைக் காற்றுக்கு நேரே பிடித்தால், மணிக்கு 30 கி.மீ. காற்றில் 15 கிலோ அளவுக்குத் தள்ளும், 40 கி.மீ.யில் 25 கிலோவைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. கூரை விளிம்பில் நிற்பவருக்கு அதில் பாதி போதும்.

கருவி இல்லாமலே கணிக்கலாம். தூசியும் காகிதமும் எழும்பி, வேம்பின் சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28 கி.மீ. அப்போதே ஷீட், சோலார் பேனல், ஃப்ளெக்ஸ் போன்ற அகலச் சாமான்களை மேலே ஏற்றுவதை நிறுத்துங்கள். சின்ன மரங்கள் முழுதாக ஆடினால் 30க்கு மேல், சாரத்தில் வேலை வேண்டாம். மின்கம்பி விசில் அடித்தால் 40ஐத் தொட்டுவிட்டது, எல்லோரும் கீழே இறங்கியிருக்க வேண்டும். வேலை அடிக்கடி என்றால் கையடக்கக் காற்றுமானி ஒன்று வாங்கிவிடுங்கள். தரையில் அளப்பதைவிட மாடி மூலையில் காற்று கூடுதல், அங்கே அளக்க வேண்டும்.

விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், முற்பகல் தாண்டிக் கடற்காற்று ஏறும். அகலச் சாமான் வேலையை காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது இந்த ஊருக்கு ஏற்ற கணக்கு. ஆனால் காலையில் பனி ஈரமும் உப்பும் சேர்ந்து தகரமும் டைல்ஸும் வழுக்கும், துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நாள் முழுக்க விடாது, அப்போது காலைக் கணக்கும் பொய்த்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றினாலும் உயரத்து வேலை அன்றைக்கு இல்லை. அதோடு, முந்தின நாள் மேலே கட்டாமல் விட்ட தகரம், பலகை, காலி டின் அனைத்தையும் இறக்கிவிட வேண்டும்.

ஏணி

ஏணியை நான்குக்கு ஒன்று சாய்வில் வையுங்கள். 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால் அடி 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கிட்டே வந்தால் பின்னால் மல்லாக்கும், தள்ளிப் போனால் அடி நழுவும். மாடிக்கு ஏறுவதாக இருந்தால் விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டி நிற்கட்டும், இறங்கும்போது பிடிக்க அதுதான் வேண்டும். மேல் மூன்று படியில் நிற்காதீர்கள். இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில். அதனால் கையில் டின்னோடு ஏறக் கூடாது. மேலே போனபின் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். ஏணி விபத்துகளில் பல எட்டாத இடத்துக்குச் சாய்வதால்தான். தொப்புள் ஏணிச் சட்டத்துக்கு வெளியே போகிறது என்றால் இறங்கி நகர்த்த வேண்டிய நேரம்.

இங்கே முக்கியப் பிரச்சினை மணல். ஏணியின் ஒரு கால் மட்டும் இறங்கினால் மேலே அதைப்போலப் பல மடங்கு சாயும். 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், 3 அடி நீளப் பலகையைப் பதித்து அதன் மேல் ஏணியை வையுங்கள். பலகையில் ஏணிக்காலுக்குப் பின்னால் ஒரு ரீப்பரை ஆணியடித்தால் நழுவாது. முதலில் முதல் படியில் ஏறி இரண்டு தடவை குதித்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கட்டும். மேல்நுனியைக் கட்டும் வரை கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அலுமினிய ஏணியில் படியைச் சட்டத்தோடு சேர்க்கும் ரிவெட்டைப் பாருங்கள். இரும்பு ரிவெட் இருந்தால் உப்பில் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டும், துளை பெரிதாகும், படி லொடலொடக்கும். ஒரு படி ஆடினாலும் அந்த ஏணி வேண்டாம்.

சாரம்

இரும்புக் குழாய் சாரம் பரவினாலும் சவுக்குக் கம்பில் கட்டும் சாரம் இன்னும் இங்கே அதிகம். எதுவாக இருந்தாலும் அடியில் பலகை வேண்டும், வெறும் மணலில் கம்பை நடுவது வேண்டாம். நிற்கும் பலகை ஒன்றரை அங்குலக் கனம் என்றால் அதைத் தாங்கும் குறுக்குக் கம்புகளுக்கிடையே 5 அடிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. மேடை அகலம் குறைந்தது 2 அடி. ஒரே ஒரு பலகையில் நின்று பூசுவது பழக்கமாகிவிட்டது, அந்தப் பழக்கத்தை உங்கள் குழுவில் நுழைய விடாதீர்கள். பலகை கடைசிக் குறுக்குக் கம்பைத் தாண்டி அரை அடியாவது நீள வேண்டும், ஒரு அடிக்கு மேல் நீளக் கூடாது. அதிகம் நீண்டால் நுனியில் கால் வைத்தவுடன் மறுமுனை எழும்பும். அதனால்தான் பலகையை இரு முனையிலும் கட்டுவது.

மேடைக்கு மேல் 3 அடிக்குக் குறையாத உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பு, அதற்கு நடுவில் இன்னொன்று, காலடியில் 6 அங்குலப் பலகை. காலடிப் பலகை உங்களுக்காக அல்ல, கீழே கலவை தூக்கும் அக்காவின் தலைக்காக. சாரத்தைக் கட்டடத்தோடு செங்குத்தில் 4 மீட்டருக்கு ஒரு முறையாவது கட்ட வேண்டும், சன்னல் கம்பியில் அல்ல. தனியாக நிற்கும் சக்கரம் வைத்த சாரம் என்றால் அடி அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தாதீர்கள், ஆள் மேலே இருக்கும்போது தள்ளாதீர்கள்.

சவுக்குச் சாரத்தின் உயிர் முடிச்சில்தான். தேங்காய்நார்க் கயிறு மழையில் நனைந்து காய்ந்தால் தளரும், உப்பும் வெயிலும் சேர்ந்து உள்நாரை உளுத்துப்போகச் செய்யும். பிரித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் கட்டை மாற்றுங்கள். வாரம் ஒரு முறையும், மழைக்கும் பலத்த காற்றுக்கும் பிறகும் எல்லா முடிச்சையும் மேஸ்திரியே கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் புதியவர் என்றாலும் தளர்ந்ததைக் கண்டால் சொல்லுங்கள்: "அண்ணே, இந்த முட்டு ஆடுது, கட்டிட்டு ஏறுவோம்." நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ளும் மேஸ்திரியின் சாரத்தில் ஏற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பெல்ட்: மாட்டினால் மட்டும் போதாது

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை வாங்காதீர்கள். விழுந்தால் வயிற்றையும் முதுகெலும்பையும் மடக்கும், தலைகீழாக நழுவவும் விடும். தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சுற்றும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும், ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து வாங்குங்கள். முதுகு வளையம் இரு தோள்பட்டைக்கும் நடுவே நிற்க வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையணும், மடக்கிய கைமுஷ்டி நுழையக் கூடாது. கைலி கட்டிக்கொண்டு தொடைப் பட்டை மாட்ட முடியாது, பேன்ட் போடுங்கள்.

இப்போது பலரும் தவறவிடும் கணக்குக்கு வருவோம். ஹார்னஸோடு வரும் கயிறு பொதுவாக 1.8 மீட்டர். அதில் தைத்திருக்கும் ஷாக் அப்சார்பர், விழுந்ததும் கிழிந்து விரிந்து 1.75 மீட்டர் வரை நீளும். அது நீளுவதால்தான் உடம்பு மேல் விழும் இழுப்பு 6 கிலோநியூட்டன் (சுமார் 600 கிலோ பாரம்) அளவுக்குள் நிற்கிறது. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். தரைக்கு மேல் மிச்சம் 1 மீட்டராவது வேண்டும். கூட்டினால் கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டர், அதாவது 20 அடி காலியாக இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடி 10, 11 அடி. காலடி மட்டத்தில் எங்கேயாவது கொக்கியை மாட்டிக்கொண்டு அந்த விளிம்பிலிருந்து விழுந்தால் ஹார்னஸ் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன் தரை வந்துவிடும். பெல்ட் போட்டும் அடிபட்டார் என்று கேள்விப்படுவதில் பல இந்த வகைதான்.

அப்படியானால் சின்ன உயரத்தில் என்ன செய்வது? விழுந்த பிறகு பிடிப்பதை விட்டு, விழும் இடத்துக்கே போக முடியாதபடி கட்டுங்கள். மாடியின் நடுவில் உள்ள உறுதியான இடத்திலிருந்து விளிம்பு 5 மீட்டர் என்றால், கயிறும் கொக்கியும் சேர்த்து 4 மீட்டருக்கு மேல் போகாமல் முடிச்சுப் போடுங்கள். சோலார், தண்ணீர்த் தொட்டி, டிஷ் வேலைக்கு இது போதும். மூலைகளில் ஜாக்கிரதை, ஒரு பக்க விளிம்புக்குச் சரியாக இருக்கும் நீளம் அடுத்த பக்கத்துக்குக் கூடுதலாகிவிடும். விளிம்பில் நின்றே ஆக வேண்டும் என்றால் தலைக்கு மேலே கட்டுமிடம் வேண்டும், அல்லது இழுத்தால் உடனே பூட்டிக்கொள்ளும் சுருள் கருவி வேண்டும்.

எங்கே கட்டுவது? மாடிப்படிக் கூண்டின் கான்கிரீட் தூணைச் சுற்றி, அல்லது தட்டிப் பார்த்துக் கெட்டியென்று தெரிந்த பீமைச் சுற்றி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று குறித்திருக்கும் ஸ்லிங் (சுற்றிக் கட்டும் பட்டை) போடுங்கள். ஒரு ஆளுக்கு 12 முதல் 15 கிலோநியூட்டன், சுமார் ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய், ஏ.சி. ஸ்டாண்டு, ஆண்டெனா கம்பி, சோலார் கிளாம்ப், மாடி கிரில் எதுவும் இதற்கு ஆகாது. கான்கிரீட் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் தடித்த சாக்கை நாலாக மடித்து வையுங்கள். கட்டுமிடத்துக்கு நேர் கீழேயே வேலை செய்யுங்கள். பக்கவாட்டில் வெகுதூரம் போய் விழுந்தால் ஊஞ்சல் போல வீசி எதிர்ச் சுவரில் அடிக்கும்.

துறைமுகத்தில் கிடைக்கும் படகுக் கயிற்றை உயிர்க் கயிறாக்காதீர்கள். அது எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, எதை இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுக்கும், தேய்த்தால் தூள் வரும். நல்ல கயிறிலும் ஒரு முடிச்சு பலத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

ஏறும் நாள் ஒவ்வொன்றிலும் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பட்டை முழுவதையும் வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். வெட்டு, பிசிறு, வெயிலில் வெளுத்தது, உப்பு பூத்து விறைத்தது இருந்தால் ஒதுக்குங்கள்.
2. தையல் நூலில் ஒரு இழை விட்டிருந்தாலும் வேண்டாம்.
3. கொக்கியின் கதவு தானாகச் சட்டென்று மூடுகிறதா? உப்பு ஏறிய ஸ்பிரிங் பாதியில் நிற்கும். பாதி மூடிய கொக்கி மூடாத கொக்கிதான்.
4. ஷாக் அப்சார்பர் உறை கிழிந்திருக்கிறதா, உள்மடிப்பு வெளியே வந்திருக்கிறதா?
5. மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு நிமிடம் தொங்கிப் பாருங்கள். எந்தப் பட்டை எங்கே அழுத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சாரத்திலோ டவரிலோ இடம் மாறும்போது இரட்டைக் கயிறு உள்ள வகை வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுவது. பலர் விழுவது கொக்கியை மாற்றும் அந்த ஒரு நொடியில்தான்.

மின்கம்பி

எந்த மின்கம்பியிலிருந்தும் 3 மீட்டருக்குள் உடம்போ, ஏணியோ, கம்பியோ போகக் கூடாது. 11 கே.வி. வரையுள்ள லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி இருந்தால் சட்டப்படி சரி என்பார்கள். அந்த இடைவெளி சும்மா நிற்கும் வீட்டுக்கு. 12 மீட்டர் முறுக்குக் கம்பியை மாடிக்கு ஏற்றித் திருப்பும் ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. உயர் அழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். கடலோரத்தில் மின்கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து பனிக்காலை ஈரத்தில் கசிவு வரும், சில நேரம் 'சர்ர்' என்று சத்தமும் நீலப் பொறியும் தெரியும். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லைனுக்குப் பக்கத்தில் வேலை என்றால் உரிமையாளர் மூலமாக முன்கூட்டியே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, நிறுத்திய ஆளே நேரில் வந்து சொன்ன பிறகு தொடங்குங்கள். "கரன்ட் போயிடுச்சு, சீக்கிரம் ஏறு" என்பதை நம்பி ஏறுபவர்கள் உயிரை விடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வரும், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தும் வரும்.

கரையேற்றிய படகு

விசைப்படகின் மேல்தளம் கரையில் நிற்கும்போது இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டும், வீல்ஹவுஸ் கூரை அதற்கும் மேல். கீழே மணல் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அங்கே நங்கூரமும், முட்டுக்கட்டையும், இரும்புச் சாமானும் கிடக்கும். ஏறும் முன் இரு பக்க முட்டும் பலகை மேல் நிற்கிறதா, மணலில் புதைந்து ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா என்று தினம் பாருங்கள். அடிப்பக்கம் பெயின்ட் அடிக்க முட்டுக்கட்டையை மாற்ற வேண்டும் என்றால், மேலே ஒரு ஆளும் இல்லாதபோது, புது முட்டுக்கட்டையை இறுக்கிய பிறகே பழையதை எடுக்க வேண்டும். ஏணி நுனியைப் படகின் கட்டையோடு கட்டுங்கள். ஐஸ் பெட்டி மூடி திறந்திருந்தால் குறுக்கே பலகை போட்டுவிடுங்கள், தளத்தில் பின்னால் நடந்துகொண்டே பெயின்ட் அடிப்பவர் விழுவது அதற்குள்தான்.

தொங்கினால், விழுந்தால்

ஏறும் முன்பே, இவர் தொங்கினால் எப்படி இறக்குவோம் என்று பேசி வையுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கும் ஆளுக்குத் தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், அதற்குப் பிறகு உயிருக்கே ஆபத்து. பத்து நிமிடத்துக்குள் இறக்கும் வழி தளத்திலேயே இருக்க வேண்டும்: எட்டும் நீளத்துக்கு ஏணி, தனியாக ஒரு கயிறு, கப்பி, அதைப் பழகிய இரண்டு பேர். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்கும் திட்டம் உதவாது, 101க்குச் சொல்லிவிட்டு நீங்கள் ஆரம்பியுங்கள். தொங்குபவர் நினைவோடு இருந்தால் காலை மடக்கி நீட்டி, சுவரை உதைத்து அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். இறக்கியதும் படுக்க வைத்து, மூச்சைக் கவனியுங்கள்.

தரையில் விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள், ஷேர் ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த அசைவிலேயே கால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, 108ஐ அழையுங்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கி.மீ.க்கு மேல், நடுவே ஒரே சாலைப் பாலம். அதனால் தாமதிக்காமல் முதல் நிமிடத்திலேயே அழைப்பது இங்கே மற்ற ஊர்களைவிட முக்கியம். தளத்தின் தெருப் பெயர், பக்கத்து அடையாளம் இரண்டையும் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தலைசுற்றல், வலிப்பு, சர்க்கரை இறங்கும் தொந்தரவு உள்ளவர்கள் ஏறும் வேலைக்கு வேண்டாம். இரவு குடித்தவரும் மறுநாள் காலையில் வேண்டாம். நோன்பு நாட்களில் நோன்பு வைத்தவருக்கு மதியத்துக்கு மேல் தரை வேலை கொடுங்கள். வெள்ளையடித்த மாடியில் கண்கூச்சம் தலையைச் சுற்ற வைக்கும், கறுப்புக் கண்ணாடி ஆடம்பரம் அல்ல. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைப் பூட்டுங்கள், பூட்டாத ஹெல்மெட் ஆளுக்கு முன்னால் தரைக்குப் போய்விடும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயது முடிந்ததும் பதிந்துகொள்ளுங்கள், அடையாள அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விபத்து உதவி கேட்கும்போது அந்த அட்டைதான் பேசும்.

வேலை முடிந்த பிறகு

ஹார்னஸ், கொக்கி, கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இங்கே ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் அலசினால் உப்பைத் துடைத்து உப்பைப் பூசுவதாகும். ஒரு குடம் குடிதண்ணீர் போதும். அழுக்கு அதிகம் என்றால் சாதாரண சோப்பு, பிளீச்சிங் வேண்டாம். நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். தின்னர் டின், பேட்டரி, படகு இன்ஜின் அறைப் பக்கம் வைக்காதீர்கள், பட்டைக்கு அமிலமும் டீசலும் ஆகாது. கொக்கி ஸ்பிரிங்கில் உலர்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடையுங்கள். ஒருமுறை ஆளைப் பிடித்த ஹார்னஸையும் கயிற்றையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, மேலே ஒரு கீறல் இல்லாவிட்டாலும். ஒதுக்கியதை மூலையில் போட்டு வைத்தால் நாளைக்கு அவசரத்தில் வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார். கத்தரியால் பட்டைகளை வெட்டி, வளையத்தைத் தனியே எடுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.